அஞ்சு பேர் வரலன்னா வாத்தியாருக்கு அபராதம்

இந்த பாட்காஸ்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, மூணு வருஷம் நான் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வரலாறு நடத்திக்கிட்டு இருந்தேன். கல்லூரி பேர் வேண்டாம். முதல் செமஸ்டர் முடிஞ்சதும் துறைத்தலைவர் கூப்பிட்டு, மாணவர்கள் என்னைப் பற்றி எழுதிக் கொடுத்த ஃபீட்பேக் படிவங்களைக் காட்டினார். பாதிக்கு மேல் ஒரே குறைதான்: "சார் நோட்ஸ் தர மாட்டேங்கிறார்."

நோட்ஸ்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். நான் நிறுத்தி நிறுத்திச் சொல்லணும், அவங்க கமா, ஃபுல்ஸ்டாப் உட்பட எழுதிக்கணும். அதை மட்டும் பண்ண மாட்டேன்னு நான் வீம்பா இருந்தேன். துறைத்தலைவர் இருபது வருஷ அனுபவசாலி. "நோட்ஸ் குடுத்துட்டுப் போங்க தம்பி, எதுக்கு வம்பு" என்றார்.

இதே சண்டை பாரிஸ் பல்கலைக்கழகத்தில் நடந்திருக்குன்னு எனக்கு அப்போ தெரியாது. 1355 டிசம்பரில் அங்கே கலைப் புலத்து ஆசிரியர்கள் கூடி ஒரு விதி போட்டாங்க. மாணவர் எழுதிக்கிற வேகத்துல யாரும் பாடம் சொல்லக் கூடாது, சாதாரணமா பேசுற வேகத்துலதான் நடத்தணும். மீறுற ஆசிரியர் ஒரு வருஷம் பாடம் எடுக்க முடியாது. அதே விதியில இன்னொரு பகுதியும் இருக்கு. இதை எதிர்த்துக் கத்துறவங்க, 'உஸ் உஸ்'னு சத்தம் போடுறவங்க, தானாகவோ வேலைக்காரனை விட்டோ கல் எறியுறவங்க, இவங்களுக்கும் தண்டனை உண்டு. வேலைக்காரனை விட்டுக் கல் எறியறதை ஒருத்தர் உட்கார்ந்து யோசிச்சு எழுதியிருக்கார்னா, அதுக்கு ஏதோ காரணம் இருந்திருக்கணும்.

என் வகுப்பில் கல் வரல, படிவம்தான் வந்துச்சு.

இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டா உடனே, "பசங்க அன்னிக்கும் இன்னிக்கும் ஒண்ணுதான்பா"ன்னு சொல்லத் தோணும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஸ்டாஃப் ரூம்ல டீ குடிக்கும்போது அது நல்ல ஆறுதல். ஆனா பழைய ஆசிரியர்களோட புலம்பல்களைத் தொடர்ந்து படிச்சா வேற ஒண்ணு தெரியுது. ஒவ்வொருத்தரும் எதைப் பற்றிப் புலம்புறார்ங்கிறது, அவருக்குக் காசு யார் கையிலிருந்து வருதுங்கிறதைப் பொறுத்து மாறிக்கிட்டே இருக்கு.

நாலாம் நூற்றாண்டுல இருந்து ஆரம்பிக்கலாம். அந்தியோக்கியா, இன்னிக்குத் துருக்கியில் இருக்கிற அந்தாக்யா. அங்கே லிபானியஸ்னு ஒரு பேச்சுக்கலை ஆசிரியர் இருந்தார். ரோமப் பேரரசோட கிழக்குப் பகுதியில் அவரைத் தெரியாத பெரிய குடும்பம் இருந்திருக்காது. சட்டம், அரசுப் பதவி எதுக்குப் போகணும்னாலும் பேச்சுக்கலை படிச்சிருக்கணும். அதனால பணக்கார வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் இவர்கிட்ட வந்தாங்க.

வந்து என்ன பண்ணினாங்கன்னு அவரே ஒரு உரையில் விவரிக்கிறார். இவர் பேசப் போறார்னு அழைப்பு போகும். பிள்ளைகள் கல்யாணப் பெண் மாதிரி, கயிற்று மேல நடக்கிறவன் மாதிரி அடி மேல் அடி வச்சு வருவாங்க. உள்ளே வந்தா சிலை மாதிரி நிப்பாங்க. லேட்டா வர்றவனை எண்ணுவாங்க. பேச்சு பூரா தேரோட்டிகள், குதிரைகள், நடனக்காரர்கள் பற்றித்தான். யார் ஜெயிப்பா, யார் தோப்பான்னு. தேரோட்டியை எடுத்துட்டு ஐபிஎல்லைப் போட்டுக்கோங்க. கட்டணத்துக்குன்னு அப்பா கொடுத்த காசு குடியிலயும் சூதாட்டத்துலயும் போயிடுதுன்னும் சொல்றார்.

இதுக்கு ஏன் அவரால கண்டிக்க முடியலைங்கிறதுதான் எனக்கு முக்கியமாப்பட்டது. கண்டிச்சா பையன் எழுந்து பக்கத்துத் தெரு வாத்தியார்கிட்ட போயிடுவான். அவர் இரண்டு கை நீட்டி வரவேற்பார், ஏன்னா அவருக்கும் ஆள் வேணும். ஆசிரியர்கள் மாணவர்களுக்குப் பயந்து வாழ்றாங்கன்னு லிபானியஸ் இன்னொரு உரையே எழுதினார். அதுல ஒரு யோசனையும் சொல்றார்: ஒருத்தர்கிட்டருந்து ஓடி வந்த மாணவனை இன்னொருத்தர் சேர்க்கக் கூடாதுன்னு ஆசிரியர்கள் எல்லாரும் ஒப்பந்தம் போட்டுக்கணும்.

லிபானியஸாவது பெரிய ஆள். அவருக்குக் கீழே பாடம் நடத்தின உதவி ஆசிரியர்கள் நிலைமை இன்னும் மோசம். அவங்களுக்காக நகர சபைகிட்ட இவர் ஒரு கோரிக்கை உரை எழுதியிருக்கார். சொந்த வீடு கிடையாது, வாடகை வீடு. ரொட்டிக்கடையில கடன். கடன்காரன் நெருக்கினா மனைவி காதுல கழுத்துல இருக்கிற நகையைக் கழட்டிக் கொடுக்கிறாங்க. நகரத்துக்குச் சொந்தமான நிலத்துல கொஞ்சம் வருமானம் இவங்களுக்கு ஒதுக்குங்கன்னு கேட்கிறார். கௌரவ விரிவுரையாளரா வேலை பார்க்கிற என் நண்பன் ஒருத்தனுக்கு இந்தப் பகுதியைப் படிச்சுக் காட்டினேன். நகைக்கடன் வட்டி எவ்வளவுன்னு லிபானியஸ் சொல்லியிருக்காரான்னு கேட்டான்.

இதே நூற்றாண்டுல மேற்குப் பக்கம் இன்னொரு ஆசிரியர். இவரை நீங்க வேற காரணத்துக்காகக் கேள்விப்பட்டிருப்பீங்க: புனித அகுஸ்தீனார். புனிதர் ஆகுறதுக்கு முன்னாடி அவர் காலேஜ் வாத்தியார் மாதிரிதான். 354ல் இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தவர். கார்த்தேஜ் நகரத்துல பேச்சுக்கலை நடத்தினார். அங்கே மாணவர்கள்ல ஒரு கும்பலுக்கு 'எவெர்சோரெஸ்'னு பேர், கவிழ்த்துப் போடுறவங்கன்னு அர்த்தம். தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஆசிரியரோட வகுப்புக்குள்ள திமுதிமுன்னு நுழைஞ்சு எல்லாத்தையும் கலைப்பாங்க. சட்டப்படி தண்டிக்க வேண்டிய காரியம், ஆனா 'வழக்கம்'ங்கிற பேர்ல தப்பிச்சுக்கிறாங்கன்னு அவர் எழுதுறார். நம்ம ஊர் பஸ் டே ஞாபகம் வருதா?

ரோம்ல பசங்க அமைதியா உட்கார்ந்து படிக்கிறாங்கன்னு யாரோ சொல்ல, 383ல் கப்பல் ஏறிட்டார். நண்பனை வழியனுப்பப் போறேன்னு அம்மாகிட்ட பொய் சொல்லிட்டு ராத்திரியோட ராத்திரியா கிளம்பினார். காலையில அம்மா கரையில அழுதுக்கிட்டு நிக்கிறாங்க. வேலை மாற்றத்துக்கு இவ்வளவு பெரிய காட்சி வேற எங்கேயும் நான் படிச்சதில்லை.

ரோம்ல பசங்க உண்மையிலேயே அமைதிதான். ஒழுங்கா வருவாங்க, ஒழுங்கா கேட்பாங்க. கட்டணம் கொடுக்க வேண்டிய நேரம் வந்ததும் கூட்டமாப் பேசி வச்சுக்கிட்டு வேற ஆசிரியர்கிட்ட போயிடுவாங்க.

அப்போதான் மிலான் நகரத்துல இருந்து பேச்சுக்கலை ஆசிரியர் வேணும்னு ரோம் நகர ஆட்சியர் சிம்மாக்கஸுக்குக் கேட்டு அனுப்புறாங்க. அரசுச் செலவுல பயணம், நிலையான சம்பளம். 384ல் அகுஸ்தீனுக்கு அந்த வேலை கிடைச்சிடுது. இனிமே எந்தப் பையன் கையையும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆச்சரியமா, மிலான் பற்றி எழுதும்போது மாணவர் தொல்லைங்கிற பேச்சே கிட்டத்தட்ட காணாமப் போயிடுது. வேற புலம்பல் வருது. பேரரசரைப் புகழ்ந்து மேடையில் பேசணும். அது முக்கால்வாசி பொய். கேட்கிறவங்களுக்கும் பொய்னு தெரியும், தெரிஞ்சே கைதட்டுவாங்க. அப்படி ஒரு உரைக்குத் தயார் பண்ணிக்கிட்டு நெஞ்சு படபடக்கத் தெருவுல போறப்போ, குடிச்சிட்டுச் சிரிச்சுக்கிட்டு இருக்கிற ஒரு பிச்சைக்காரனைப் பார்க்கிறார். இவன் என்னைவிட நிம்மதியா இருக்கானேன்னு நினைக்கிறார். காசு மாணவன்கிட்டருந்து வந்தவரைக்கும் மாணவனுக்குப் பயந்தார். அரசுகிட்டருந்து வந்ததும் அரசுக்காகப் பொய் சொன்னார்.

386ல் வேலையை விட்டார். அதுவும் எப்படி? திராட்சை அறுவடை விடுமுறைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. நடுவுல எழுந்து போனா ஊர் பேசும். அதனால பல்லைக் கடிச்சுக்கிட்டு லீவு வரைக்கும் நடத்தி முடிச்சுட்டு, நெஞ்சுவலி, மூச்சு விட முடியலன்னு காரணம் சொல்லி விலகினார். வலியும் நிஜம்தானாம். ஏப்ரல் கடைசி வாரம் ஸ்டாஃப் ரூம்ல உட்கார்ந்திருக்கிற யாருக்கும் இது புரியும்.

இப்போ எண்ணூறு வருஷம் தள்ளி, இத்தாலியோட போலோன்யா. தலைப்புல சொன்ன அபராதம் இங்கேதான்.

போலோன்யாவுல சட்டம் படிக்க ஐரோப்பா முழுக்க இருந்து ஆள் வந்தாங்க. இவங்க பதினெட்டு வயசுப் பிள்ளைகள் இல்ல. பலர் வளர்ந்த ஆட்கள், திருச்சபைப் பதவியில் இருக்கிறவங்க, பிரபு வீட்டுக்காரங்க. ஆனா வெளியூர்க்காரங்கங்கிறதால நகரத்துல எந்த உரிமையும் கிடையாது. வாடகை ஏத்தினாலும் கேட்க நாதியில்லை. அதனால சங்கம் சேர்ந்தாங்க. அந்தச் சங்கத்துக்குத்தான் லத்தீனில் 'யூனிவெர்சிதாஸ்'னு பேர். அங்கே யுனிவர்சிட்டின்னா மாணவர் சங்கம். பேராசிரியர்கள் அதுல உறுப்பினர் கிடையாது, ஓட்டும் கிடையாது. ஆனா சங்கத் தலைவரா இருக்கிற மாணவருக்குக் கட்டுப்படுவேன்னு அவங்க சத்தியம் பண்ணணும்.

மாணவர்கள் எழுதின விதிகளைப் பாருங்க. அனுமதி இல்லாம ஒரு நாள்கூட லீவு எடுக்கக் கூடாது. கல்யாணமே ஆனாலும் ஒரு நாள்தான். ஊரை விட்டு வெளியே போகணும்னா திரும்பி வருவேன்னு முன்பணம் கட்டணும். மணி அடிச்சதும் தொடங்கணும், அடுத்த மணி அடிச்ச ஒரு நிமிஷத்துல முடிக்கணும். அத்தியாயத்தைத் தாண்டிப் போகக் கூடாது. கஷ்டமான கேள்வியைக் 'கடைசியில பார்க்கலாம்'னு தள்ளக் கூடாது. எந்தத் தேதிக்குள்ள எந்தப் பகுதியை முடிக்கணும்னு பட்டியல் உண்டு. வகுப்புக்கு அஞ்சு பேர்கூட வரலன்னா, பேராசிரியரே வரலன்னு கணக்கு, அபராதம். ஆசிரியர் ஒழுங்கா நடக்கிறாரான்னு ரகசியமாக் கவனிச்சுச் சொல்ல மாணவர்கள்லயே ஆள் போட்டிருந்தாங்க. வருஷ ஆரம்பத்துலயே ஆசிரியர்கிட்ட ஒரு தொகை வாங்கி வச்சுக்குவாங்க, அபராதமெல்லாம் அதுலருந்து கழியும்.

முதல் தடவை இதைப் படிச்சப்போ நான் சிரிக்கல. ஏன்னா வேலையில் சேரும்போது என்னோட அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி உள்ளே வச்சுக்கிச்சு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்ல இருந்து எம்.ஃபில் வரைக்கும். நடுவுல ஓடிடாம இருக்கத்தான். போலோன்யாவுல காசைத்தான் வாங்கினாங்க.

மாணவர்களுக்கு இவ்வளவு பலம் எங்கேருந்து வந்தது? கட்டணம் அவங்க கையில. அதோட, பல்கலைக்கழகத்துக்குன்னு கட்டடமே கிடையாது. ஆசிரியர் வீட்டிலோ வாடகைக் கூடத்திலோதான் வகுப்பு. மாணவர்கள் மூட்டையைக் கட்டிக் கிளம்பினா படிப்பே ஊரை விட்டுப் போயிடும். 1222ல் ஒரு கூட்டம் அப்படிக் கிளம்பிப் போய்த்தான் படுவா பல்கலைக்கழகம் உண்டாச்சு. ஆசிரியர்களும் அப்படிப் போயிடக் கூடாதுன்னு நகர ஆட்சி 1189லேயே அவங்ககிட்ட சத்தியம் வாங்கியிருந்தது. மாணவன் போகலாம், வாத்தியார் போகக் கூடாது.

அவ்வளவு கறாரா இருந்தவங்க கட்டணத்தை ஒழுங்காக் கொடுத்தாங்களான்னா, அதுவும் இல்லை. 1265ல் இறந்த ஓடோஃப்ரெடஸ்ங்கிற சட்டப் பேராசிரியர், ஒரு வருஷ முடிவுல வகுப்புலயே அறிவிச்சார்: அடுத்த வருஷம் மத்தியானத்துல கூடுதல் வகுப்பு எடுக்க மாட்டேன், ஏன்னா நீங்க சரியாக் காசு கொடுக்கிறதில்லை. தெரிஞ்சுக்க எல்லாருக்கும் ஆசை, கொடுக்கத்தான் யாருக்கும் மனசில்லைங்கிற தொனியில முடிக்கிறார்.

அப்புறம் நகர ஆட்சி கொஞ்சம் கொஞ்சமா ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பிச்சது. 14ஆம் நூற்றாண்டு நடுவுக்குள்ள பெரும்பாலான பேராசிரியர்கள் நகரத்தோட சம்பளக்காரங்க ஆயிட்டாங்க. மாணவர் சங்கம் பேருக்கு இருந்துச்சு, அதிகாரம் மெல்ல நகரம் போட்ட அதிகாரிகள்கிட்ட போயிடுச்சு. விதிகள் அப்படியே தொடர்ந்தது, கேள்வி கேட்கிற ஆள்தான் மாறினார்.

என் விஷயத்துக்கு வர்றேன். சுயநிதிக் கல்லூரியில காசு மாணவர் வீட்டிலருந்துதான் வருது, ஆனா நேரா என் கைக்கு வராது. நிர்வாகத்துக்குப் போய், அங்கேருந்து மாசம் 15,000 ரூபாயா எனக்கு வரும். அதனால எனக்கு இரண்டு பக்கமும் பயம். மே மாசம் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க வீடு வீடாப் போனேன், அது சம்பளத்தோட சேர்ந்த வேலை. 75 சதவீத வருகை இல்லாதவனை என்ன பண்றதுன்னு கேட்டா, ஃபீஸ் கட்டியிருந்தா சமாளிங்கன்னு பதில் வரும்.

கட்டாதவங்களுக்கு வேற பதில். மூணாவது வருஷம் ஏப்ரலில், செமஸ்டர் தேர்வு அன்னிக்கு, ஃபீஸ் பாக்கிப் பட்டியலைக் கையில கொடுத்து ஹால் வாசல்ல நிக்கச் சொன்னாங்க. பட்டியல்ல இருக்கிறவங்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. என் வகுப்புப் பெண் ஒருத்தி, நல்லாப் படிக்கிறவ, முதல் செமஸ்டர்ல நோட்ஸ் கேட்காத கொஞ்சப் பேர்ல ஒருத்தின்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தவ, வந்து நின்னா. "சார், அப்பா பணத்தோட பஸ்ல வந்துக்கிட்டு இருக்கார்" என்றாள். "ஆஃபீஸ்ல போய்ப் பேசும்மா" என்றேன். என் சான்றிதழ்கள் அந்த ஆஃபீஸ் பீரோவுலதான் இருந்துச்சு.

அவ உள்ளே வந்தப்போ தேர்வு ஆரம்பிச்சு நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. கூடுதல் நேரம் கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. கொடுக்கல. மணி அடிச்சதும் மற்றவங்களோட சேர்த்து அவ பேப்பரையும் வாங்கிக் கட்டினேன்.