இறுப்பிட்டி: வெளியூரில் முதல் போட்ட தீவூர்

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கிடக்கும் தீவுகளில் ஒன்றான புங்குடுதீவின் ஊர்களில் இறுப்பிட்டியும் ஒன்று. நிர்வாகத்தில் வேலணைப் பிரதேச செயலகத்துக்கு உட்பட்டது. ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லின் மேல் மெல்லிய மண்; ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையே ஆண்டு முழுவதற்குமான நீர். நிலத்துக்குள் இறங்கிய மழைநீர் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கும். அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவராகிவிடும். ஒருபோக நெல், வரகு, பயறு, பனை, ஆடு மாடு, கரையோர மீன் என்பவையே ஊரின் பழைய வருவாய். பிள்ளைகள் பெருகப் பெருகக் காணி துண்டுபட்டது. குடும்பத்தை ஊரில் வைத்துவிட்டு முதலை வெளியூரில் போடும் வழக்கம் இந்த நெருக்கடியில் பிறந்தது. புங்குடுதீவு முழுவதற்கும் பொதுவான இந்த வழக்கமே இறுப்பிட்டியின் வரலாற்றிலும் பெரும்பங்கு.

தீவுகளுக்கும் வணிகத்துக்கும் உள்ள உறவு ஐரோப்பியர் வருகையோடு தொடங்கியதல்ல. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்கவேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்றும் அது கூறுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கப்பலானால் பாதிக்குப் பாதி. யானை, குதிரை வரத்து தடைப்படக்கூடாது என்ற அரசின் அக்கறை இந்தப் பங்கீட்டில் வெளிப்படையாகத் தெரிகிறது. முதல் போட்டவனுக்கு நட்டம் வந்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதை முன்கூட்டியே கல்லில் எழுதிவைத்த சட்டம் இது. சிங்கள அரசன் ஒருவன் அதைத் தமிழில் எழுதுவித்தான் என்பதும் கவனிக்கத்தக்கது.

யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தனர். அவர்களுடைய கிழக்கிந்தியக் கொம்பனி பங்குதாரரின் பணத்தில் நடந்த வணிக நிறுவனம். அதன் ஆசியத் தலைமையிடம் இன்று இந்தோனேசியாவின் ஜகார்த்தாவாக உள்ள பத்தாவியா. தீவுகளுக்கு அவர்கள் தங்கள் நகரங்களின் பெயர்களை இட்டார்கள்: வேலணைத் தீவு லைடன், காரைதீவு அம்ஸ்ரடாம், நயினாதீவு ஹார்லம், புங்குடுதீவு மிடில்பேர்க். இப்படி இட்ட பெயர்களில் நெடுந்தீவின் டெல்ப்ற் மட்டுமே இன்றுவரை பரவலாக வழங்குகிறது. தீவுகளில் தோண்டிய சாயவேரும் ஊர்காவற்றுறை வழியே ஏற்றிய யானைகளும் கொம்பனிக்கு வருமானம் தந்தன. நெடுந்தீவில் குதிரை வளர்த்தார்கள்.

அந்த ஆட்சியின் நீடித்த விளைவு சாயவேரிலும் யானையிலும் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தாரின் சொத்து வழக்கங்களை ஒல்லாந்தரின் மாவட்ட அதிகாரியான திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தார். தேசவழமை எனப்படும் அத்தொகுப்பு சொத்தை முதுசம் (முன்னோர் வழி வந்தது), சீதனம் (மகளுக்குக் கொடுப்பது), தேடிய தேட்டம் (மணவாழ்வில் சம்பாதித்தது) என்று பிரிக்கிறது. ஒற்றி வைத்த காணியைக் கடன் கொடுத்தவர் ஆண்டு அனுபவிப்பார், விளைச்சலே வட்டி. காணியை விற்க நினைப்பவர் முதலில் பங்காளிகளுக்கு அறிவிக்கவேண்டும். வாங்குவதில் முன்னுரிமை அவர்களுக்கே. பிரித்தானியர் 1806இல் இதை ஏற்றுக்கொண்டனர். 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் முன்னுரிமையைக் கூட்டுடைமைக்காரருக்கும் உரித்தாளருக்கும் மட்டுமாகச் சுருக்கியது. வெளியாள் ஒருவர் ஊருக்குள் காணி வாங்குவது கடினமாக இருந்ததற்கு இந்த முன்னுரிமை ஒரு காரணம்.

வெளியே முதல் போடும் காலம் பிரித்தானியர் ஆட்சியில் விரிந்தது. மலைநாட்டில் முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பரவ, கொழும்பும் தோட்டத்துச் சிறு நகரங்களும் வளர்ந்தன. 1905இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் பாதை வந்தபின் தெற்கே போவது எளிதாயிற்று. குடாநாட்டில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்தையும் மலாயாவின் எழுதுவினைஞர் வேலையையும் தேடிப்போக, தீவார் பெரும்பாலும் கடை வைத்தார்கள். சிங்களக் கிராமங்கள் வரை பரவிய யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்கடை, சைவச் சாப்பாட்டுக்கடை, பலசரக்குக்கடை, கொழும்புப் புறக்கோட்டையின் மொத்த வியாபாரம் என்று அவர்கள் ஊன்றிய துறைகள் பல.

இந்த வியாபாரம் வங்கியை விட உறவையே அதிகம் நம்பியது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெடியனை உறவுக்கார முதலாளி கூட்டிப்போவார். அவன் கடையிலேயே உண்டு, கடையிலேயே படுப்பான். சம்பளத்தின் பெரும்பகுதி முதலாளியின் கணக்கிலேயே கிடக்கும். சில ஆண்டுகளில் பங்கு கிடைக்கும், அல்லது தனிக்கடை வைக்கக் கைமாற்றும் கடனுக்குச் சரக்கும் கிடைக்கும். சீட்டுப் பணம் மீதியை நிரப்பும். மனைவி மக்கள் ஊரில்; கடைக்காரர் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார். கடையில் உழைத்த பணம் தேசவழமைக் கணக்கில் தேடிய தேட்டம். அது கல்வீடாகவும், மகளின் சீதனமாகவும், திருவிழா உபயமாகவும், பள்ளிக்கூடக் கட்டடமாகவும் ஊருக்குத் திரும்பியது. தொழில் தரும் முதலாக அது தீவுக்குள் வந்தது குறைவு. இதைத் தீவாரின் குறையென்று சொல்வதும் உண்டு. உவர்க் கிணற்றையும் வானம் பார்த்த வயலையும் கொண்ட ஊரில் எந்தத் தொழிலில் முதல் போடுவது என்ற கேள்விக்கு அப்படிச் சொல்வோரிடம் பதில் இருந்ததில்லை.

அந்தப் பணம் எல்லாரையும் எட்டவுமில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் பொதுக்கிணற்றில் நீர் அள்ளும் உரிமைகூட மறுக்கப்பட்டது. புங்குடுதீவைச் சேர்ந்த எழுத்தாளர் மு. தளையசிங்கம் 1971இல் கண்ணகி அம்மன் கோயில் நன்னீர்க் கிணற்றை எல்லோருக்கும் திறந்துவிடக் கோரிப் போராடினார், பொலிசாரிடம் அடிபட்டார். 1973இல், நாற்பது வயதை எட்டும் முன்பே, காலமானார்.

நெடுங்காலம் பயணம் என்றால் கடல்தான். வத்தையிலும் வள்ளத்திலும் ஏறி வேலணைக்கோ ஊர்காவற்றுறைக்கோ போய், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு மறுபடி கடல் கடக்கவேண்டும். பண்ணைப் பாலம் வேலணைத் தீவை யாழ்ப்பாணத்தோடு இணைத்தது. வேலணையையும் புங்குடுதீவையும் இணைத்த தாம்போதி, அதற்காகப் பாடுபட்ட வாணர் சகோதரர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பாதை வந்தபின் புங்குடுதீவின் வடமேற்கு முனையான குறிகட்டுவான் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் வாசலாயிற்று. ஆனி மாதத்தில் நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் போகும் சைவரும், நாகதீப விகாரைக்குப் போகும் பௌத்தரும் ஒரே துறையில் ஒரே படகுக்குக் காத்திருப்பார்கள். நெடுந்தீவிலிருந்து இத்துறைக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் 1985 மே 15 அன்று, குழந்தைகள் உட்பட, இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர்.

வெளியூரில் போட்ட முதலுக்கு 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களில் பேரிழப்பு ஏற்பட்டது. 1983 யூலையில் கொழும்பிலும் மலைநாட்டு நகரங்களிலும் தமிழர் கடைகள் வரிசையாக எரிந்தன. எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் உடைந்த கப்பலுக்கு இருந்த பங்கீடுகூட எரிந்த கடைக்கு ஒழுங்காகக் கிடைக்கவில்லை. உள்நாட்டுப் போரில், 1990களின் தொடக்கத்தில், தீவுகள் அரச படையினர் வசமானபோது ஊரும் வெறுமையாயிற்று. புங்குடுதீவாரில் பெரும்பாலோர் வன்னிக்கும் கொழும்புக்கும், பின்னர் சுவிற்சர்லாந்து, பிரான்ஸ், கனடா, பிரித்தானியா ஆகிய நாடுகளுக்கும் போனார்கள். பாரிஸின் லா சப்பலிலும் ரொறன்ரோவிலும் பழைய முறையே தொடர்ந்தது: உறவுக்காரர் கடையில் வேலை, சீட்டுப் பணம், பிறகு சொந்தக் கடை. ஊர்ச் சங்கங்கள் அனுப்பும் பணத்தில் கோயில்கள் மீண்டும் எழுந்தன. வீடுகளில் பல பூட்டியே கிடக்கின்றன.

அந்த வீடுகளும் காணிகளும் இன்று சட்டச் சிக்கலில் உள்ளன. பிரிக்கப்படாத பங்குகள் நான்கைந்து நாடுகளில் சிதறியுள்ளன. இலங்கைச் சட்டத்தில் பத்து ஆண்டுத் தடையற்ற ஆட்சி உரிமையாக மாறலாம். போரால் உரிமையைக் காக்க முடியாமல் போனவர்களுக்காக 2016இல் தனிச்சட்டம் வந்தது. அது 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கருத்தில் கொள்கிறது. 2014ஆம் ஆண்டின் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்கு நிலம் மாற்றுவதைத் தடுக்கிறது.  ஆயினும் அதன் விதிவிலக்கின்படி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இறுப்பிட்டியார் தம் பெற்றோரின் காணியை உரித்தாகவோ நன்கொடையாகவோ பெறலாம். பக்கத்துக் காணியை விலைக்கு வாங்குவதானால் முதலில் இலங்கையின் இரட்டைக் குடியுரிமை எடுக்கவேண்டும்.