பின் பையன்களும் கைமடிப் பையன்களும் ஒரு சின்ன பல்பும்

இந்த வாரம் நொய்யல் அணைக்கட்டுகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இன்று ஒரு பல்பின் கதை. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு. என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த மாணவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பனியன் கம்பெனிகளில் நிட்டிங் மெஷின்களுக்கு எலக்ட்ரீசியனாக இருந்தவர். இப்போது வளைகுடா நாடு ஒன்றில், பௌலிங் விளையாட்டுக் கூடத்தில் மெக்கானிக். "டீச்சர், நம்மூரு ஸ்டாப் மோஷன் லைட்டேதானுங்க இங்கயும். ரெண்டு நாளா ஒரே ஒரு பல்பு தூங்க விடலைங்க" என்றார்.

பௌலிங் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நீளமான மரப் பாதை. பந்து உருட்டுபவர் நிற்கும் கோட்டிலிருந்து 60 அடி தள்ளி, பாட்டில் மாதிரி 10 கட்டைகள் முக்கோணமாக நிற்கும். அதைப் 'பின்' என்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். பந்து 7 கிலோ வரை இருக்கும். முதல் பந்துக்கு விழாமல் நிற்பதை அப்படியே விட்டு, விழுந்ததை மட்டும் வாரி எடுக்க வேண்டும். இரண்டாவது பந்து முடிந்ததும் பத்தையும் மறுபடி அடுக்க வேண்டும். இதை இப்போது செய்வது பின்செட்டர் என்ற மெஷின். அதற்கு முன் செய்தது யார்? சின்னப் பையன்கள். 'பின் பாய்' என்றே அவர்களுக்குப் பெயர். பாதையின் கோடியில், பந்து வந்து விழும் குழிக்கு மேலே காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கட்டை பறந்து வந்து அடிபடுவதெல்லாம் சாதாரணம்.

இதற்குச் சாட்சி சொன்னவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது எனக்குப் பெருமை. லூயிஸ் ஹைன். நியூயார்க்கில் ஆசிரியராக இருந்தவர், 1908-ல் குழந்தைத் தொழிலாளர் தேசியக் குழுவின் புகைப்படக்காரராகப் போனார். 1910 ஏப்ரலில் புரூக்ளினில் ஒரு பௌலிங் கூடத்தில் அவர் எடுத்த படம் இணையத்தில் கிடைக்கிறது, பாருங்கள். இரவு ஒரு மணி. வரிசையாகச் சிறுவர்கள். நம் வகுப்பு குரூப் போட்டோ மாதிரியே இருக்கும், சிரிப்பு மட்டும் இருக்காது.

மெஷின் வந்தது பிறகுதான். காட்ஃபிரைட் ஷ்மிட் என்பவர் கண்டுபிடித்ததை ஏ.எம்.எஃப். என்ற கம்பெனி வாங்கி, 1946-ல் பஃபலோ நகரில் காட்டியது. 1950-களின் தொடக்கத்தில் கூடங்களுக்கு வந்தது. ஏ.எம்.எஃப். அதற்கு முன் சிகரெட் சுற்றும் மெஷின் செய்தவர்கள்! பையன்கள் மீது இரக்கப்பட்டுச் செய்த மெஷின் என்று நான் நம்பவில்லை. உலகப் போர்க் காலத்தில் பையன்கள் கிடைக்கவில்லை, அதுதான் பெரிய காரணம். எப்படியோ, பையன்கள் குழியை விட்டு மேலே ஏறினார்கள்.

பையன் போனதும் ஒரு சிக்கல். முன்வரிசைக் கட்டை மறைப்பதால், பின்வரிசையில் எது நிற்கிறது என்று 60 அடி தூரத்திலிருந்து தெரியாது. அதற்காக மேலே உள்ள பலகையில் அதே முக்கோண வடிவில் பத்து பல்புகள் வைத்தார்கள். மெஷினின் மேடை கீழே இறங்கி, நிற்கும் கட்டையைத் தொட்டதும் அதற்குரிய சுவிட்ச் அழுந்தும், பல்பு எரியும். புதிய கூடங்களில் இந்த வேலையைக் கேமரா செய்கிறது. நம் மாணவர் பார்ப்பது பழைய மாடல்.

இனி நம்மூருக்கு வருவோம். 1920-களில் கையால் சுற்றும் மெஷினோடு தொடங்கியது திருப்பூர் பனியன் தொழில். 1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைப் பக்கம் வந்தது. 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா வந்து பனியன் கேட்ட கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பிறகு ஏற்றுமதி பெருகி, ஜெர்மனியிலிருந்து பெரிய வட்ட நிட்டிங் மெஷின்கள் வந்திறங்கின. 30 இன்ச் மெஷினில் 90 நூல் ஓடும். ஒரு நூல் அறுந்தால் துணியில் ஓட்டை. அதனால் ஒவ்வொரு நூல் மேலும் ஒரு மெல்லிய கம்பி படுத்திருக்கும். நூல் அறுந்தால் கம்பி விழும், மின்சுற்று சேரும், மெஷின் நிற்கும், அந்த ஃபீடரில் குட்டி விளக்கு எரியும். இதுதான் ஸ்டாப் மோஷன். அந்த விளக்கு ஃபியூஸ் ஆகியிருந்தால், 90 நூலில் எது அறுந்தது என்று மெஷினைச் சுற்றிச் சுற்றித் தேட வேண்டியதுதான்.

அவரிடம் நான் பாடம் கேட்டேன். "மெஷின் நின்னு லைட் எரியலைன்னா பல்பைப் பாக்கணுங்க. லைட் எரிஞ்சும் மெஷின் நிக்கலைன்னா ரிலே பக்கம் போகணும். லைட் அணையவே மாட்டேங்குதுன்னா, பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து கம்பி மேல எந்திரிக்காம ஒட்டிக்கிச்சான்னு பாக்கணும். எல்லா லைட்டும் ஒண்ணாப் போச்சுன்னா பல்பையே தொடக்கூடாது, டிரான்ஸ்பார்மர், ஃபியூஸ், பொது வயர்." பௌலிங் மெஷினுக்கும் இதே கணக்குதானாம். நான் முப்பது வருடம் அறிவியல் பாடத்தில் மின்சுற்றுப் படம் போட்டேன். இவ்வளவு தெளிவாகச் சொன்னேனா என்பது சந்தேகம்தான்.

இவர் இதை எங்கே கற்றார் என்பதையும் எழுத வேண்டும். தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து துண்டுகளை எடுத்துக் கொடுத்து, மடித்து அடுக்குகிற 'கைமடி' வேலை உங்களில் பலர் செய்ததுதான். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. ஆனாலும் 1990-களில் என் வகுப்பில் தீபாவளிக்குப் பிறகு பெஞ்சுகள் காலியாகும். இவரும் அப்படிப் போனவர். ஒரே ஒரு முறை அவர் வீட்டுக்குப் போனேன். "சனிக்கிழமையானா சம்பளம் வருதுங்க டீச்சர், நாங்க என்ன பண்றது?" என்றார் அவர் அம்மா. எனக்குப் பதில் தெரியவில்லை. காபி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாவது முறை போகவில்லை. வருகைப் பதிவேட்டில் 'நீண்ட நாள் வரவில்லை' என்று எழுதி, சிவப்பு மையில் பெயரை அடித்தது என் கைதான். ஹைன் இரவு ஒரு மணிக்குக் கேமராவோடு போயிருக்கிறார். எனக்குப் பள்ளியிலிருந்து நாலு தெரு.

கைமடியிலிருந்து நிட்டிங் பக்கம் போய், வயர்மேன் அண்ணன் ஒருவருக்கு டார்ச் பிடித்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். எட்டாம் வகுப்பைப் பிறகு தனித்தேர்வராக எழுதினாராம். எனக்கே இப்போதுதான் தெரியும்.

சரி, அந்தப் பல்பு. இடது கோடி, 7-ஆம் எண் கட்டைக்கு உரியது. சில சமயம் எரியும், சில சமயம் எரியாது. முதலில் பக்கத்துப் பல்போடு மாற்றிப் போட்டார். பல்பு நல்லது. சுவிட்சைக் கையால் அழுத்தினார். எரிந்தது. மெஷின் ஓடும்போது மட்டும் தகராறு. நின்ற நிலையில் மீட்டர் வைத்தால் எல்லாம் சரி. இரண்டு நாள் இப்படியே போனது. அப்புறம்தான் அவருக்கு வேறு யோசனை வந்தது. மேடை ஏறி இறங்கும்போது கூடவே வளையும் வயர் ஒன்று உண்டு. மெஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு (இதைப் பிடுங்காமல் உள்ளே கை வைத்தால் கை போகும் என்று மூன்று முறை சொன்னார்), மீட்டரை வயரின் இரு முனையிலும் மாட்டி, வளையும் இடத்தைக் கையால் மெல்ல ஆட்டினார். மீட்டரின் 'பீப்' விட்டு விட்டு வந்தது. மேலே உறை முழுசாக இருக்கிறது, உள்ளே செம்புக் கம்பி அறுந்திருக்கிறது. உறையைச் சீவி அவர் அனுப்பிய படத்தைத்தான் கீழே போட்டிருக்கிறேன்.

புது வயர் போட்டாயிற்று, ஏழாம் எண் எரிகிறதாம். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார். "என் பேரு அந்த ரிஜிஸ்டர்ல இன்னும் இருக்குமுங்களா டீச்சர்?" என்று கேட்டார். பள்ளியில் விசாரித்துச் சொல்கிறேன் கண்ணு என்றேன். அவர் செட்டில் படித்தவர்கள் எனக்கு ஒரு போன் போடுங்கள். மாட்டுப்பொங்கல் அன்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு.