வயசுக்கு வராத பொண்ணுக்கு 'ஒய்' குரோமோசோம்: கட்டி வரும் ஆபத்து யாருக்கு அதிகம், யாருக்கு குறைவு?

பொண்ணுக்கு 15 வயசு தாண்டியும் பீரியட்ஸ் வரவில்லை என்றால், "சில பேருக்கு லேட்டாதான் ஆகும்" என்று வீட்டில் காத்திருப்பது வழக்கம். பலருக்கு அது உண்மைதான். ஆனால் மிகச் சிலருக்கு தாமதத்தின் காரணம் குரோமோசோமில் இருக்கும். அவர்களிலும் ஒரு பிரிவினருக்கு, வயிற்றுக்குள் சரியாக வளராமல் நின்றுபோன சுரப்பியில் கட்டி உருவாகலாம். இது யாருக்கு வரும்? ஆபரேஷன் எப்போது தேவை, எப்போது காத்திருக்கலாம்? பார்க்கலாம்.

அடிப்படை என்ன?

பொதுவாக மனித செல்லில் 46 குரோமோசோம்கள். பெண்ணுக்கு எக்ஸ்எக்ஸ், ஆணுக்கு எக்ஸ்ஒய் என்று பள்ளியில் படித்திருப்போம். கருவின் முதல் சில வாரங்களில் எல்லோருக்கும் ஒரே மாதிரி சுரப்பிதான் இருக்கும். ஒய் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு வேலை செய்தால் அது விரையாகும். இல்லையென்றால் சினைப்பையாகும்.

இந்தப் பாதையில் எங்காவது மாற்றம் வந்தால் அதை 'பாலின வளர்ச்சி வேறுபாடு' என்கிறார்கள். அம்மா சாப்பிட்டதாலோ, செய்ததாலோ வருவது இல்லை.

சரி, கட்டி எப்படி வருது?

சுரப்பி விரையாகவும் மாறாமல், சினைப்பையாகவும் மாறாமல் பாதியில் நின்றால், அதில் உள்ள கருச்செல்களும் முதிர்ச்சி அடையாமல் நிற்கும். கூடவே ஒய் குரோமோசோமின் ஒரு பகுதி இருந்தால், அந்தச் செல்கள் தேவையில்லாமல் பெருக ஆரம்பிக்கலாம்.

முதலில் வருவது 'கோனடோபிளாஸ்டோமா' என்ற கட்டி. 1953-ல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஸ்கல்லி வைத்த பெயர் இது. இது தானாக மற்ற உறுப்புகளுக்குப் பரவாது. ஆனால் டிஸ்ஜெர்மினோமா போன்ற புற்றுநோயாக மாறலாம். சுரப்பி வயிற்றுக்குள் இருப்பதால் கையில் தட்டுப்படாது. ஆரம்பத்தில் வலியும் இருக்காது.

யாருக்கு எவ்வளவு ஆபத்து?

2005-ல் சிகாகோவில் கூடிய சர்வதேச நிபுணர்கள், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஒரு பட்டியல் தந்தார்கள். அது 2006-ல் வெளியானது.

● வயிற்றுக்குள் வளர்ச்சி குன்றிய சுரப்பி + ஒய் குரோமோசோம்: 15 முதல் 35% வரை. வெளித்தோற்றத்தில் பெண், கருப்பை உண்டு, குரோமோசோம் மட்டும் எக்ஸ்ஒய் என்ற 'ஸ்வையர் சிண்ட்ரோம்' இதில் வரும்.

● டர்னர் சிண்ட்ரோம், ஒய் பகுதியுடன்: சுமார் 12%.

● டர்னர் சிண்ட்ரோம், ஒய் பகுதி இல்லாமல்: சுமார் 1%.

● ஆண் ஹார்மோனை உடல் முழுமையாக ஏற்காத நிலை (எக்ஸ்ஒய், மார்பக வளர்ச்சி இருக்கும், கருப்பை இருக்காது): சுமார் 2%.

அரிதான நிலைகள் என்பதால் குறைந்த எண்ணிக்கையிலான நோயாளிகளை வைத்து வந்த கணக்கு இது. துல்லியமான எண்ணாக எடுக்காமல், எது அதிகம், எது குறைவு என்று பாருங்கள்.

ஆபரேஷன் எல்லாருக்கும் வேணுமா?

வேண்டாம். ஸ்வையர் சிண்ட்ரோம் உறுதியானால், சுரப்பிகளைத் தாமதிக்காமல் அகற்றச் சொல்வார்கள். பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி போதும். கருப்பையை எடுக்கத் தேவையில்லை. ஹார்மோன் சிகிச்சையில் பீரியட்ஸ் வரவைக்கலாம். தானமாகப் பெற்ற கருமுட்டை மூலம் கர்ப்பம்கூட சாத்தியம். ஒய் பகுதி உள்ள டர்னருக்கும் அகற்றவே பரிந்துரைப்பார்கள்.

ஆண் ஹார்மோனை முழுமையாக ஏற்காத நிலையில் கதை வேறு. பருவம் அடையும் முன் கட்டி வருவது மிக அரிது. அந்தச் சுரப்பி தரும் ஹார்மோன்தான் மார்பக வளர்ச்சிக்கும் எலும்புக்கும் உதவுகிறது. அதனால் பருவம் முடியும் வரை காத்திருந்து, பிறகு அந்தப் பெண்ணிடமே கேட்டு முடிவெடுக்கலாம்.

சட்டம் என்ன சொல்லுது?

2019 ஏப்ரலில், அருண்குமார் வழக்கில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலினத்தை மாற்றியமைக்கும் அறுவை சிகிச்சை செய்வதைத் தடுக்க அரசாணை வெளியிடுமாறு உத்தரவிட்டார். தீர்ப்பு வந்தது சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தடை ஆணை பிறப்பித்தது. உயிருக்கு ஆபத்தான சூழலுக்கு விலக்கு உண்டு.

புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம். சென்னை உயர்நீதிமன்ற எல்லைக்குள் வந்தாலும், அந்த அரசாணை தமிழ்நாட்டுக்கானது. ஆனால் விழுப்புரம், கடலூரில் இருந்தும் நிறைய குடும்பங்கள் கோரிமேடு ஜிப்மருக்குத்தான் வருகின்றன. எங்கே சிகிச்சை எடுத்தாலும், "கேன்சர் வந்துடும்" என்ற ஒரே வார்த்தையைக் கேட்டு அவசரமாகக் கையெழுத்துப் போடாதீங்க. அதே சமயம், "வெட்ட வேண்டாம்" என்று ஸ்வையர் உள்ள பொண்ணை வருஷக்கணக்கில் காக்க வைப்பதும் ஆபத்து.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. கேரியோடைப் டெஸ்டில் என்ன வந்திருக்கு? ஒய் பகுதி இருக்கா?
2. சுரப்பி வயிற்றுக்குள்ளயா, தொடை இடுக்கிலயா?
3. ஆபரேஷன் இப்பவே தேவையா, ஸ்கேன் செய்து கண்காணிக்கலாமா?
4. அகற்றினால் ஹார்மோன் மாத்திரை எத்தனை வருஷம் எடுக்கணும்?

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

13 வயதாகியும் மார்பக வளர்ச்சி தொடங்காவிட்டால், 15 வயதாகியும் பீரியட்ஸ் வராவிட்டால், பெண் குழந்தைக்கு இரண்டு பக்கமும் குடலிறக்கம் இருந்தால், ஆண் குழந்தைக்கு விரை இறங்காமல் சிறுநீர்த் துளையும் இடம் மாறி இருந்தால் காத்திருக்க வேண்டாம். ஜிப்மரில் மகளிர் மருத்துவம், குழந்தைகள் அறுவை சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சைப் பிரிவுகள் ஒரே வளாகத்தில் உள்ளன. எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையிலும் முதல் பரிசோதனையைத் தொடங்கலாம்.

டெஸ்ட் ரிப்போர்ட்டை மறைத்து வைக்காதீங்க. சுரப்பி உள்ளே இருக்கும் வரை செக்கப் தொடர வேண்டும். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாலும் அதைத் தொடரப் போவது அந்தப் பொண்ணுதான். அவருக்கே விஷயம் தெரியாவிட்டால் செக்கப் நின்றுவிடும். அதனால் வயதுக்கு ஏற்றபடி, டாக்டர் உதவியோடு, அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

(இது பொதுவான தகவல் மட்டுமே. சிகிச்சை முடிவுகளை மருத்துவரின் ஆலோசனைப்படி எடுக்கவும்.)