தாது வருஷத்துப் பிள்ளைகள் – 4: கங்காணியின் முன்பணம்

சென்ற வாரம்: மேற்கே மானாவாரிக் காடு கருகிப்போக, மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு நடந்த அந்தத் தாய், வைகைக் கரையில் ஆரப்பாளையத்தை எட்டினாள். இனி…

தாது வருஷம், மாசி மாதம். 1877. ஆற்றில் மணல்தான் கிடந்தது. கரையோர மரத்தடியில் கங்காணி ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான்.

"கண்டிச் சீமைக்கு வா தாயி. ஒனக்கும் பையனுக்கும் முன்பணம் தாரேன்."

பத்து வயதுப் பையனின் தோளை அழுத்திப் பார்த்தவன், ஐந்து வயதுப் பெண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"இது நடை தாங்காது."

"இடுப்புல சொமந்துக்கிறேன் அய்யா."

"ரெண்டு பேருக்குத்தான் படி. யோசிச்சுக்க. விடியக் கெளம்புறோம்."

ராமநாதபுரம் வழியாகக் கடற்கரை, தோணியில் மன்னார், அங்கிருந்து மாத்தளை வரை காட்டுக்குள் நடை. அந்தப் பாதையில் காலரா கொண்டுபோனவர்கள் ஏராளம். தப்பிக் காபித் தோட்டம் சேர்ந்தாலும், கூலியைக் கண்ணால் பார்க்குமுன் முன்பணக் கடன் அதைத் தின்னும்.

அதே காலத்தில் சிசிலித் தீவின் கந்தகச் சுரங்கங்களிலும் இதே கணக்குதான். தகப்பன் கையில் முன்பணம் விழும். அது அடையும்வரை பிள்ளை இருட்டுக்குள் பாறை சுமக்க வேண்டும். 1876-ல் பிராங்கெட்டி, சொன்னினோ என்ற இரு இத்தாலியர் சிசிலிக்கு நேரில் சென்று, கண்டதை மறு ஆண்டு நூலாக்கினார்கள்.

இந்தத் தாய்க்கு வேறு போக்கிடம் இருந்ததா? 1875-லேயே மதுரைக்கு ரயில் வந்துவிட்டது. ஆனால் தானியம் பசியைத் தேடிப் போகவில்லை, விலையைத் தேடிப் போனது. வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், பஞ்ச நிவாரண வேலைக்கான கூலியை ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் சொற்பச் சில்லறையுமாகக் குறைத்தார். மண் சுமக்கிற உடம்புக்கு அது போதாது என்று சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடியும் டெம்பிள் அசையவில்லை. பிள்ளையைக் கைவிட்டவள் என்று அவளைச் சொல்லுமுன், அவளை அந்த இடத்துக்குத் துரத்தியவர்களின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

வடக்கு ஆவணி மூல வீதியில் குஞ்சரத்தம்மாள் தன் சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி ஊற்றினார் என்று மதுரை இன்றும் சொல்கிறது. அந்தப் பேச்சு அன்றைக்கே ஆரப்பாளையம் வரை வந்திருந்தது. அங்கே விட்டால் மகள் ஒருவேளை பிழைப்பாள்.

இரண்டு பேருக்கான முன்பணத்தை வாங்கிக்கொண்டாள். நள்ளிரவில், தூங்குகிற மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாய் நடந்தாள். கஞ்சிக்குக் காத்துக்கிடந்த கூட்டத்தின் நடுவே இறக்கிக் கிடத்தினாள். திரும்பிப் பார்த்தால் கால் நகராது என்று தெரியும். பார்க்காமலே நடந்தாள்.

விடியும் நேரம் ஆரப்பாளையம் வந்தபோது, கங்காணி தலைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

"முன்பணம் ரெண்டு பேருக்கு வாங்கியிருக்க. ஒம் மகன் எங்க தாயி?"

மரத்தடியில் பையன் இல்லை. பக்கத்தில் படுத்திருந்த கிழவி சொன்னாள்: "நீ தங்கச்சியத் தூக்கிட்டுப் போனப்பவே எந்திரிச்சு ஒம் பின்னாலயே வந்தானே ஆத்தா… ஒங்கூட வரலையா?"

(தொடரும்)