தாம்சன் சாலையில் ஒரு ஃபெராரி

எனக்குக் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. ஆனால் தெம்பனிஸ் வீட்டில் என் கட்டிலுக்கு மேலே இரண்டு தட்டு நிறைய இத்தாலியப் பந்தயக் கார்களைப் பற்றிய புத்தகங்கள் இருக்கின்றன. தூசி தட்டும்போதெல்லாம் அம்மா கேட்பது ஒன்றுதான்: "சைக்கிள் போற ஊர்ல உனக்கு எதுக்குடா இதெல்லாம்?" கேள்வி நியாயமானது. 2010இல் நடைபாதையில் சைக்கிள் ஓட்ட முதலில் அனுமதித்த நகர் தெம்பனிஸ்தான்.

சிங்கப்பூரில் கார் என்பது பத்து வருடக் குத்தகை. 1990 மே மாதம் வந்த வாகன உரிமைச் சான்றிதழ் முறைப்படி, அந்தப் பத்து வருடத்துக்கான உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பிரிவில் அந்தக் காகிதத்தின் விலை மட்டும் 150,001 வெள்ளி. கார் விலை தனி. காலம் முடிந்தால் மறுபடி பணம் கட்டு, இல்லையென்றால் வண்டியை ஏற்றுமதி செய், அல்லது உடைத்துப் போடு. 35 வயது தாண்டிய கார்களுக்குப் பழைமை வாகனத் திட்டம் ஒன்று உண்டு. அதில் ஆண்டுக்கு 45 நாள் சாலையில் ஓட்டலாம். இந்த ஊரில் பழைய கார் மேல் ஆசை வைப்பவனுக்கு மிஞ்சுவது புத்தகம்தான்.

நான் வாங்குவது பெரும்பாலும் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில். 2017 ஜூலையில் மூடும்வரை சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையிலும் துழாவியிருக்கிறேன். பீட்டர் ஹல்லும் ராய் ஸ்லேட்டரும் 1964இல் எழுதிய ஆல்ஃபா ரோமியோ வரலாறு அங்கேதான், மேலுறை இல்லாமல், துருப்பிடித்த ஸ்க்ரூ டிரைவர்களுக்கு நடுவே கிடைத்தது. ஹான்ஸ் டேனர் 1959இல் எழுதிய 'ஃபெராரி' நூலின் முதல் பதிப்புக்காக இன்னும் அலைகிறேன்.

இந்த நூல்களைச் சேர்ப்பவர்கள் வண்ணப் படங்களுக்காக வாங்குவதில்லை. புத்தகத்தைப் பின்னாலிருந்து திறப்பார்கள். அங்கே பொடி எழுத்தில் சேஸி எண்கள் இருக்கும்: எந்த எண் வண்டி எந்த ஆண்டு யாரிடம் போனது, எந்தப் பந்தயத்தில் ஓடியது, எங்கே எரிந்தது. இதில் பெரும் பணம் இருக்கிறது. ஃபெராரி 250 ஜிடிஓ 1962 முதல் 1964 வரை மொத்தம் 36 வண்டிகள்தான் செய்யப்பட்டது. அதில் ஒன்று 2018இல் 4.84 கோடி அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. அந்த விலையில் வாங்குபவருக்கு, தன் வண்டி அதே வண்டிதான் என்று காட்டச் சான்று வேண்டும். அந்தச் சான்றின் ஒரு பகுதி இப்படிப்பட்ட பின்னிணைப்புகளில் இருக்கிறது.

எனக்கு அந்தப் பொடி எழுத்து வேறொரு விஷயத்துக்கு உதவியது.

என் பெரியப்பா இளமையில் நீ சூனில் இருந்தவர். அங்கிருந்து சைக்கிளில் அப்பர் தாம்சன் சாலைக்கு வந்து கார்ப் பந்தயம் பார்த்ததைத் தீபாவளிக்குத் தீபாவளி சொல்வார். "ஒரு வருசம் இத்தாலி காருதான்டா ஜெயிச்சுது. ஓட்டுனவன் நியூசிலாந்துக்காரன். அந்தச் சத்தமே வேற மாதிரி இருக்கும்." எனக்குத் தெரிந்த அளவில் அந்தப் பந்தயத்தில் ஜெயித்தவை பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கார்கள். 1961இல் முதல் பந்தயத்தை வென்றது ஆஸ்டன் மார்ட்டின். பிறகு லோட்டஸ்களின் ராஜ்ஜியம். 1968இல் ஆஸ்திரேலியாவின் எல்ஃபின். ஆகவே பெரியப்பா சினிமாவையும் பந்தயத்தையும் குழப்பிக்கொள்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். கூகிளில் தேடியிருந்தால் இரண்டு நிமிடம்தான். வயதானவர் பேச்சைச் சரிபார்க்க யார் மெனக்கெடுகிறார்கள்?

பந்தயம் நடந்தது மக்கள் தினமும் போய்வந்த சாலையில். ஒரு சுற்று 4.8 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஓரத்தில் மழைநீர்க் கால்வாய், விளக்குக் கம்பம், பேருந்து நிறுத்தம், மரங்கள். முதல் ஆண்டு 'ஓரியன்ட் இயர் கிராண்ட் பிரி' என்ற பெயரில் நடந்தது. அடுத்த ஆண்டிலிருந்து அது மலேசிய கிராண்ட் பிரி. 1965இல் தனிநாடான பிறகு சிங்கப்பூர் கிராண்ட் பிரி. நாட்டின் பெயர் மாற மாற பந்தயத்தின் பெயரும் மாறியிருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன், பிராஸ் பசாவில் வாங்கிய ஒரு ஃபெராரி நூலின் கடைசிப் பக்கங்களில் 0008 என்ற எண்ணுக்கு எதிரே அந்த வரியைப் பார்த்தேன். 1970, சிங்கப்பூர், லாரன்ஸ், முதலிடம். அவ்வளவுதான்.

அந்த வண்டியின் கதை இத்தாலியில் ஒரு சாவில் தொடங்குகிறது. என்ஸோ ஃபெராரியின் மகன் ஆல்ஃபிரெடோ, வீட்டில் டீனோ, தசைச்சிதைவு நோயால் 1956இல் இறந்தபோது வயது 24. ஆறு சிலிண்டர் 'வி6' இன்ஜின் யோசனை மகனுடையது என்று தந்தை சொல்லிவந்தார். வடிவமைத்த பெரும் பங்கு விட்டோரியோ யானோவுடையது, இது தகப்பன் பாசம் கலந்த கணக்கு என்பவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் அந்த இன்ஜின் குடும்பத்துக்கு டீனோ என்றே பெயர். பின்னாளில் பிரபலமான டீனோ 246 ஜிடி ஸ்போர்ட்ஸ் காரும் அந்தக் குடும்பம்தான். 246 என்றால் 2.4 லிட்டர், ஆறு சிலிண்டர்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பனி கொட்டும் ஜனவரி, பிப்ரவரியில் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் டாஸ்மன் தொடர் நடக்கும். இன்ஜின் அளவு 2.5 லிட்டருக்கு மேல் போகக்கூடாது. ஃபெராரி தன் சிறிய பந்தயக் காரில் 2.4 லிட்டர் டீனோ இன்ஜினை வைத்து அனுப்பியது. 1969இல் நியூசிலாந்துக்காரர் கிறிஸ் ஏமன் அதில் தொடரை வென்றார். வண்டி அவர் நாட்டுக்காரரான கிரேம் லாரன்ஸ் கைக்குப் போனது. அவரும் 1970இல் தொடரை வென்று, அதே வண்டியோடு ஈஸ்டர் சமயத்தில் தாம்சன் சாலைக்கு வந்தார். 1969, 1970, 1971 மூன்று ஆண்டும் இங்கே அவர்தான் ஜெயித்தார். முதல் வருடம் மெக்லாரன், கடைசி வருடம் பிரபம். நடுவில் மட்டும் ஃபெராரி.

என் அலமாரியிலுள்ள ஃபெராரி நூல்களில் இதற்குக் கிடைத்த இடம் ஒரு வரிதான். எழுதியவர்களுக்கு மொன்ஸாவும் லெ மானும்தான் உலகம். தெற்கே போன வண்டி விற்றுத்தீர்ந்த சரக்கு. தாம்சன் சாலைக்கென்று முழுப் புத்தகம் இலை சாலமன் எழுதி 2008இல்தான் வந்தது. 'ஸ்னேக்ஸ் அண்ட் டெவில்ஸ்' என்ற தலைப்பு அந்தச் சாலையின் வளைவுகளுக்கு இருந்த பெயர்களிலிருந்து எடுத்தது. அதே ஆண்டில்தான் மரினா பேயில் ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயம் தொடங்கியது. அது இல்லையென்றால் இந்தப் புத்தகத்துக்குப் பதிப்பாளர் கிடைத்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பழைய பந்தயம் நின்றதில் எனக்கு வருத்தம் இல்லை. 1972இல் லயனல் சான் என்ற ஓட்டுநர் இறந்தார். 1973இல் ஜோ ஹூபர். அத்தோடு முடிந்தது. விபத்துகள் மட்டும் காரணமில்லை, வாகனங்கள் பெருகிய ஊரில் சாலையை மறிப்பதும் தொல்லையாகிவிட்டது. 1975 ஜூனில் நகர மையத்துக்குள் நுழையும் கார்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். காரைக் கட்டி வைக்கத் தெரிந்த அரசு என்று பாராட்டலாம்தான். ஆனால் 2004இல் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் இருந்த பழைய தேசிய நூலகத்தை இடித்ததும் கார்கள் போக ஒரு சுரங்கப்பாதை போடத்தான். பல பேர் எதிர்த்துப் பேசியும் நடக்கவில்லை. கார் புத்தகம் சேர்ப்பவனுக்கு இது கொஞ்சம் உறுத்தும் விஷயம்.

0008ஐப் பார்த்த அந்த வாரமே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். இரண்டு புத்தகங்களையும் கொண்டுபோயிருந்தேன். வரியைக் காட்டி, "நீங்க சொன்னது சரிதான் பெரியப்பா" என்றேன். என் குரலில் கொஞ்சம் மன்னிப்பும் இருந்தது.

"அதான் நான் சொன்னேனே" என்றார். பொடி எழுத்துப் பட்டியலை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. சாலமன் புத்தகத்தைத்தான் மடியில் வைத்துக்கொண்டு புரட்டினார். அதிலும் கார்களை விட்டுவிட்டு, ஓரத்தில் நிற்கும் கூட்டத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சட்டை, தலைமுடி, குடை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பெரியம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தது ஆறிப்போனது.

"இது இங்கயே இருக்கட்டும்டா, அப்புறமா பாத்துட்டுத் தரேன்" என்றார். மூன்று வருடமாகிறது. போன தீபாவளிக்குப் போனபோது டிவிக்குப் பக்கத்தில் இருந்தது, நடுவில் ஏதோ ஒரு பக்கத்தில் எம்ஆர்டி அட்டையைச் செருகி வைத்திருந்தார்.