கிண்டர்டிரான்ஸ்போர்ட் பெட்டி

நாஜி ஒடுக்குமுறைக்குத் தப்ப, 1938 டிசம்பர் முதல் போர் மூளும்வரை பெற்றோரின்றிப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்ட சுமார் 10,000 குழந்தைகள் கொண்டுசென்ற பெட்டி. பெரும்பாலோர் யூதர். தாமே தூக்கக்கூடிய சிறு பெட்டிக்கும் 10 ரைக்ஸ்மார்க் பணத்துக்குமே அனுமதி. விலைமதிப்புள்ள பொருள்களுக்குத் தடை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் எண் அட்டை. பெட்டியை நிறைத்தவை உடைகள்தாம். வளரும் பிள்ளை என்று அளவில் பெரிதாகவே எடுத்துவைத்த தாய்மார் உண்டு. இடுக்கில் குடும்பப் புகைப்படம், பொம்மை, பிரார்த்தனை நூல். சந்தையில் விலைபோகாத இவற்றைத்தான் இன்று அருங்காட்சியகங்கள் பேணுகின்றன. டான்சிக்கிலிருந்து 1939இல் இவ்வாறு வந்தவர் சிற்பி பிராங்க் மைஸ்லர். பெட்டிகளோடு நிற்கும் குழந்தைகளை அவர் வடித்த சிலைத்தொகுதி, லண்டன் லிவர்பூல் தெரு ரயில் நிலையத்தில் 2006இல் நிறுவப்பட்டது.