பனிக்கரையில் பெரிய வீடுகள்

கிரீன்லாந்தின் கீழ்க்கரையை ஆண்டின் பெரும்பகுதி பூட்டி வைத்திருக்கும் கடற்பனி, ஆகஸ்டு செப்டம்பர் மாதங்களில் சற்றே விலகி வழிவிடும்போது, நூறு இருநூறு பிரயாணிகளைச் சுமந்த சிறு கப்பல்கள் சில, ஐஸ்லாந்திலிருந்தோ ஸ்பிட்ஸ்பெர்கனிலிருந்தோ புறப்பட்டு, தேசப்படங்களில் ஸ்கோர்ஸ்பி சவுண்டு என்றும் அங்குள்ளோர் வாயில் காங்கெர்டிட்டிவாக் என்றும் வழங்கும் ஃபியோர்டுக்குள், அதாவது மலைகளைப் பிளந்துகொண்டு உள்நாட்டை நோக்கி ஓடிய ஒரு கடற்கழிக்குள், மெல்லப் பிரவேசிக்கின்றன. அதன் மிக நீண்ட கிளை ஏறக்குறைய 350 கிலோமீட்டர் உட்செல்வதால் உலகின் ஃபியோர்டுகளுள் இதுவே நெடியது என்பர். தென்கரையில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காய் இறுகிய கரும்பாறைச் சுவர். உள்ளே செல்லச் செல்லச் செந்நிற மணற்பாறைத் தீவு. அதனருகே தரைதட்டி நிற்கும் வெண்பனி மலைகள். இக்காட்சியில் லயித்துப்போன பிரயாணி, மனிதன் காலடி படாத பூமிக்கு வந்துவிட்டோம் என்று பரவசப்படுவது இயல்பே. ஆனால் அந்தப் பரவசத்துக்குச் சரித்திரத்தின் ஆதரவு கிடையாது.

ரப்பர் படகுகளில் கரையேறுவோருக்கு சூட்காப் என்னும் முனையில் வழிகாட்டிகள் காட்டுவது, புல் மூடிய சில பள்ளங்களையும் சரிந்த கற்களையுமே. அலாஸ்காவிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கிழக்கு நோக்கிப் பரவி வந்த தூலே மக்கள், பல நூற்றாண்டுகளுக்கு முன் அங்கே குளிர்காலத்தைக் கழித்த வீடுகள் அவை. பாதி நிலத்துக்குள் புதைந்து, கல்லாலும் புற்பத்தையாலும் சுவரெழுப்பி, மரம் என்பதே முளைக்காத அந்தத் தேசத்தில் கடலில் மிதந்து வந்த கட்டையையும் திமிங்கில எலும்பையும் உத்தரமாக்கிக் கட்டிய அவ்வீடுகளின் வாயில், ஒரு தாழ்ந்த சுரங்கவழி. குளிர்ந்த காற்று கனமானது, தாழ்ந்த இடத்திலேயே தங்கும். வீட்டுத் தளமோ சுரங்கத்தைவிட ஒரு படி உயர்ந்தது. ஆகவே தவழ்ந்து உள்ளே வருபவனோடு குளிர் ஏறி வர முடியாது. சீல் கொழுப்பில் எரியும் ஒரு கல்விளக்கும் கூடி வாழ்வோரின் உடற்சூடுமே அறையைக் காக்கப் போதுமாயிருந்தன. சிற்ப சாஸ்திரம் எதுவும் எழுதி வைக்காத ஜனங்களின் சிற்ப ஞானம் இது.

ஐரோப்பியர் இக்கழியின் வாயிலுக்கு வெகு காலம் வந்து சேரவில்லை. வடதுருவக் கடலிலிருந்து தெற்கே பாயும் நீரோட்டம் சுமந்துவரும் பனித்திரள் கீழ்க்கரை நெடுகிலும் மதில்போல் நின்றதே காரணம். 1761ஆம் ஆண்டில் ஃபோல்குவார்ட் போன் என்ற திமிங்கில வேட்டைக்காரர் கழியின் முகத்துவாரத்தை எட்டினார். இன்று தென்கரைக்கு அவர் பெயரே வழங்குகிறது. திட்டமாக அளந்து படம் வரைந்தவர், 1822இல் 'பாஃபின்' என்னும் கப்பலில் வந்த வில்லியம் ஸ்கோர்ஸ்பி. இவரும் திமிங்கிலம் தேடி வந்தவரே; ஆயினும் துருவக் கடலைப் பற்றி இரண்டு பாகங்கள் கொண்ட கிரந்தத்தை அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே வெளியிட்டிருந்த சாஸ்திரக்ஞர்; பின்னாளில் கடல் தொழிலைத் துறந்து பாதிரியாரானவர். கழிக்குத் தம் பெயரைச் சூட்டிக்கொண்டார் என்று நினைப்பவர் பலர். அவர் சூட்டியது தந்தையின் பெயரை. பாய்மர உச்சியில் பீப்பாயைக் கட்டி, அதனுள் நின்று பனியையும் திமிங்கிலத்தையும் நோட்டமிடும் வழக்கத்தைக் கப்பல்களில் புகுத்திய பெருமை அந்தத் தந்தைக்கு உரியது. வடகரையின் விசாலமான நிலப்பரப்புக்கோ, எடின்பரோவில் தமக்குப் பாடம் சொன்ன ஜேம்சன் என்ற பேராசிரியரின் பெயரை வைத்தார். குருபக்தி மெச்சத்தக்கது. ஆனால் அதே கரையில் அவர் கைவிடப்பட்ட குடியிருப்புகளையும் கல்லறைகளையும் கண்டார். அவற்றில் வாழ்ந்தவர்களின் பெயர் ஒன்றுகூட அவர் படத்தில் ஏறவில்லை. கேட்டுச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லையே!

மறு ஆண்டு, 1823இல், இன்னும் வடக்கே ஒரு தீவில் கிளேவரிங் என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் தலைவர் 12 பேர் கொண்ட ஓர் இனுயிட் கூட்டத்தைச் சந்தித்தார். சில நாள் பழகிய பின், துப்பாக்கி வெடியோசைக்கு அஞ்சி அவர்கள் இரவோடிரவாய் மறைந்தார்கள். கிரீன்லாந்தின் வடகிழக்குப் பகுதியில் அச்சாதியாரைப் பிறர் கண்டதாகச் சரித்திரம் சொல்லும் கடைசிச் செய்தி இதுவே. 1891-92இல் டேனிஷ் தளபதி ரைடர் கழிக்குள்ளேயே ஒரு குளிர்காலம் தங்கி அதன் உட்கிளைகளை வரைந்தபோதும் கிடைத்தவை இடிபாடுகள் மட்டுமே.

இன்று கழியின் வாயிலில் ஓர் ஊர் இருக்கிறதென்றால், அது 1925இல் வேண்டுமென்றே ஸ்தாபிக்கப்பட்டது. அதன் மூலபுருஷர் ஐனார் மிக்கெல்சன். காணாமற்போன ஒரு கோஷ்டியின் ஏடுகளைத் தேடி 1909இல் வடகிழக்குக் கிரீன்லாந்துக்குச் சென்று, கப்பலையும் இழந்து, ஈவர் ஈவர்சன் என்ற ஒரே துணையோடு 1912 வரை அந்தப் பனியில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர். இருவரையும் இறுதியில் மீட்டது ஒரு நார்வேக் கப்பல் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் கீழ்க்கரை தனக்கே என்று டென்மார்க்கும், அது எவர்க்கும் சொந்தமில்லாத நிலம் என்று நார்வேயும் வழக்காடிக்கொண்டிருந்த காலத்தில்தான் மிக்கெல்சன் குடியேற்றத்துக்குப் பணம் திரட்டினார். தெற்கே அம்மாஸ்ஸாலிக் பகுதியில் ஜனம் பெருகி வேட்டை குறைந்திருந்தது உண்மை. கழிமுகத்தில் நடுக்குளிரிலும் உறையாத ஒரு நீர்ப்பரப்பு இருப்பதால், சீலும் வால்ரஸும் கடற்பறவைகளும் அங்கே திரள்வதும் உண்மை. ஆயினும், பசித்தவனுக்கு வேட்டைக்களமும் ராஜாங்கத்துக்குப் பாத்தியதையும் ஒரே கப்பலில் கொண்டுபோய் இறக்கப்பட்டன என்றே எனக்குத் தோன்றுகிறது.

1924இல் மிக்கெல்சன் வீடுகளைக் கட்டினார். அடுத்த கோடையில் 'குஸ்தாவ் ஹோல்ம்' கப்பல் 70 பேருக்கு மேல் குடியேற்றக்காரர்களை அழைத்து வந்தது. வழியில் ஐஸ்லாந்தில் தொற்றிய காய்ச்சல் முதற் குளிர்காலத்திலேயே சிலரைக் கொண்டுபோயிற்று. வேட்டை மட்டும் பொய்க்கவில்லை. 1931இல் நார்வே சற்று வடக்கேயுள்ள கரையைத் தனதென்று பிரகடனம் செய்ய, வியாஜ்யம் ஹேக் நகரத்து நிரந்தர சர்வதேச நீதிமன்றம் ஏறி, 1933 ஏப்ரல் 5ஆம் தேதி டென்மார்க்குக்குச் சாதகமாகத் தீர்ந்தது. நார்வேயின் வெளிநாட்டு மந்திரி ஈலன், இதில் இடையூறு செய்யமாட்டோம் என்று 1919இல் வாய்மொழியாகக் கூறியிருந்த ஒரு வாக்கியத்தை நீதிபதிகள் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். கரையில் புகை எழும் வீடுகள் இருந்ததும் டென்மார்க்கின் வாதத்தைப் பலவீனப்படுத்தியிருக்க முடியாது.

அந்த ஊரின் பெயர் இட்டோக்கோர்ட்டோர்மீட். பெரிய வீடுகளில் வாழ்வோர் என்று பொருள். புற்பத்தைக் குடிசையில் பிறந்தவர்களுக்கு மரப்பலகை வீடு பெரிதாகத் தோன்றியதில் வியப்பில்லை. சுமார் 350 பேர் வாழ்கிறார்கள், சரக்குக் கப்பல் கோடையில் ஓரிரு முறைதான் வரும், மற்றபடி ஆகாயமார்க்கந்தான். உல்லாசக் கப்பல்கள் அதே சில வாரங்களில் வந்து, ஓரொரு நாளில் ஊர் ஜனத்தொகையில் பாதியைக் கரையில் இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொள்கின்றன.

கழிக்குள் நுழையும் கப்பல் அந்த ஊருக்குச் சற்று முன்பாக டோபின் முனையைக் கடக்கிறது. வெந்நீர் ஊற்று இருப்பதால் ஊனார்டெக், வெதுவெதுப்பானது, என்று அதற்குப் பெயர். 1925இன் குடியேற்றக்காரர் வழியில் வந்த வேட்டைக் குடும்பங்கள் அங்கேயும் ஊர் அமைத்து வாழ்ந்தன. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கடைசிக் குடும்பமும் வெளியேறிற்று. வர்ணம் உரிந்த மரவீடுகள் சில, ஊற்றுக்கு அருகே கதவு சாத்தி நிற்கின்றன. வேட்டைக்குப் போகிறவர் எப்போதாவது வந்து ஓர் இரவு தங்கி, அடுப்பை மூட்டிப் போகிறார்.